தலையாட்டு நோயும் நம் பிள்ளைகளின் வலிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உகாண்டா, தெற்கு சூடான், தான்சானியா நாட்டுச் சிறார்களை வாட்டும் தலையாட்டு நோயைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சோற்றைக் கண்டாலோ குளிர் பட்டாலோ பிள்ளையின் தலை தானாகக் கவிழ்ந்து நிமிரும் அந்த வலிப்புக்கும், ஆற்றோரக் கருப்பு ஈக்கள் பரப்பும் ஆன்கோசெர்கா புழுவுக்கும் உள்ள தொடர்பைக் கட்டுரை விளக்கியது. புழு மூளைக்குள் புகுந்ததற்கு உறுதியான சான்று இல்லாதபோது வலிப்பு எப்படி வருகிறது என்பதை மட்டும் அது சொல்லாமல் விட்டது வருத்தமே. புழுவை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள், புழுவின் புரதத்தை ஒத்த லியோமோடின்-1 என்ற நம் நரம்பணுப் புரதத்தையும் தாக்கக்கூடும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2017-இல் கூறினர். பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் இதை ஆமோதிக்கவில்லை என்றாலும், நோய் எதிர்ப்பாற்றலே நோய்க்கு வழியாகலாம் என்ற கருத்து நமக்கு மிகவும் வேண்டியது.

ஏனெனில், வேறொரு புழுவால் வரும் வலிப்பு நம் ஊர்களிலேயே இருக்கிறது. பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் அசுத்தமான நீர், காய்கறி, கழுவாத கை வழியே வயிற்றுக்குள் போய், அவற்றின் இளம்புழு மூளையில் நீர்க்கட்டியாகத் தங்குகிறது. உயிரோடு இருக்கும்வரை அது எதிர்ப்பாற்றலுக்குத் தன்னை மறைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சத்தமின்றிக் கிடக்கலாம். அது சாகத் தொடங்கும்போதுதான் உடல் விழித்துக்கொண்டு சுற்றி வளைக்கிறது, அந்த வீக்கமே பெரும்பாலும் வலிப்பைத் தூண்டுகிறது. எங்கள் சித்தூர்ப் பக்கத்தார் பெரிய வைத்தியத்துக்கு நம்பிப் போகும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் சாண்டி, ராஜசேகர் முதலியோர், அதுவரை காசநோய்க் கட்டி என்று கருதப்பட்ட, மூளையில் தெரியும் சிறு ஒற்றைக் கட்டிகள் பல உண்மையில் இந்தப் புழுவின் கட்டிகளே என்று 1989-இல் எடுத்துக்காட்டினர். அதற்குமுன் எத்தனை பிள்ளைகள் தேவையின்றிக் காசநோய் மருந்து விழுங்கினார்களோ!

பன்றி இறைச்சியைத் தொடாத வீட்டுப் பிள்ளைக்கும் இது வரும். ஆகவே, பரம்பரைக் குற்றம், காற்றுக் கருப்பு என்று சொல்லித் தாயத்துக் கட்டுவதும், வலிப்பு வந்த பெண்பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதும் பெரும் அநியாயம். ஒற்றைக் கட்டி பல பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் தானே மறைந்துவிடுகிறது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறு. ‘மூளையில் பூச்சி’ என்று கேட்டதும் சிலர் மருந்துக் கடையில் பூச்சி மாத்திரை வாங்கித் தாமே நாள்கணக்கில் கொடுத்துவிடுகிறார்கள். கட்டிகள் ஒருசேரச் சாகும்போது வீக்கம் ஏறி வலிப்பு கடுமையாகலாம். அதனால்தான் மருத்துவர்கள் ஸ்கேன் பார்த்து, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டோடு சேர்த்து அந்தப் பூச்சி மாத்திரையைக் கொடுக்கிறார்கள். பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று தரப்படும் ஒற்றை மாத்திரை நல்லது, தொடர வேண்டியது. வலிப்புள்ள பிள்ளைகளின் விவரத்தை மட்டும் ஆசிரியர்கள் சுகாதாரச் செவிலியரிடம் முன்னரே தெரிவித்து, மருத்துவரைக் கேட்ட பின்பு அவர்களுக்குக் கொடுக்குமாறு தமிழக, ஆந்திரக் கல்வித் துறைகள் இரண்டும் அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
சித்தூர்