ஏழு பேர்ச் காணி

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோத்தகிரிக் குளிரும் உன் முழங்கால் வலியும் இன்னும் பிரியவில்லை போலிருக்கிறது. எனக்கு இங்கே சுகம்தான். பென்ஷன் வருகிறது, மழை வருகிறது, லீவு விட்டால் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். வேறென்ன வேணும்.

"இலங்கைக்குப் போய் இருநூறு வருஷம் ஆகிவிட்டதே, இன்னுமா தேயிலைத் தோட்டத்து நம் ஆட்கள் மற்றவர்களைவிடக் கீழே இருக்கிறார்கள்? சம்பளத்தை ஏற்றிக்கொண்டுதானே வருகிறார்கள்?" என்று உன் பேரன் கேட்டதாக எழுதியிருந்தாய். கல்லூரியில் படிக்கிற பிள்ளை, நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறான். அரை வரியில் பதில் சொல்ல முடியாததால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்.

சம்பளத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். 2019இல் நாளுக்கு 700 ரூபாய் அடிப்படைச் சம்பளம், 2021இல் 1,000, 2024இல் 1,350. ஒவ்வொரு தடவையும் ஊர்வலம், பேச்சுவார்த்தை, வழக்கு, வர்த்தமானி. டிவியில் பார்க்கிறவனுக்கு மலையகம், அதாவது நம் தேயிலை மலைப்பக்கம், என்றால் சம்பளப் பிரச்சினை மட்டும்தான் என்று தோன்றும். தோட்டத்தில் கதை வேறு என்று உனக்குத் தெரியும். கொழுந்து 18 கிலோ பறித்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம், சில தோட்டங்களில் 20 கிலோ. குறைந்தால் அரைப் பேர்தான் விழும். வரட்சி காலத்தில் அந்த அளவுக்குக் கொழுந்து எங்கே இருக்கிறது? மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுப்பார்கள் என்பதும் அவர்கள் கையில். அதனால் நாள் சம்பளம் ஏறினாலும் மாதக் கடைசியில் கையில் வருவது அதே விகிதத்தில் ஏறுவதில்லை. பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் வந்ததே 1984இல்தான். நம் அம்மாமார் அதுவரைக்கும் அதே மலையில், அதே அட்டைக்கடியில், குறைந்த கூலிக்கு நின்றார்கள்.

சரி, அதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

என்னோடு கற்பித்த சிங்கள ஆசிரியர் ஒருவர், தெற்கே தெனியாயப் பக்கத்து ஊர்க்காரர். வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் தேயிலை. காலையில் மனைவியும் அவருமாகப் பறித்து வைத்தால் தொழிற்சாலை லொறி வந்து எடுத்துக்கொண்டு போகும். பெரிய வசதி என்று சொல்ல முடியாது. அவரும் மாதக் கடைசியில் என்னிடம் கைமாற்று கேட்டவர்தான். ஆனால் மகளின் கல்யாணத்துக்கு அந்தக் காணியின் உறுதிப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் எடுத்தார். உர மானியம் வந்தபோது அவர் பெயர் பட்டியலில் இருந்தது. காணி ஓரத்தில் பலா மரம், பின்னால் மரவள்ளி, மிளகுக் கொடி. இன்று இலங்கைத் தேயிலையில் ஏறக்குறைய முக்கால்வாசி இவரைப் போன்ற சிறு தோட்டக்காரர்களின் துண்டு நிலங்களிலிருந்துதான் வருகிறது.

நம் ஆட்கள் பறிப்பதும் அதே கொழுந்துதான். ஐந்து தலைமுறை பறித்தும் ஒரு செடிகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. இருக்கிற லயமும், அந்த வரிசை வீட்டில் ஆளுக்கொரு காம்பராவும் கம்பெனியுடையது. வங்கியில் வைக்க ஒன்றுமில்லை. வீட்டில் யாராவது தோட்டத்தில் பேர் போட்டுக்கொண்டிருக்கிறவரைக்கும்தான் கூரை. பேரனுக்கு நீ சொல்ல வேண்டியது இதைத்தான் என்பேன். கிராமத்து ஏழைக்கும் தோட்டத்து ஏழைக்கும் கூலியில் உள்ள வித்தியாசம் சின்னது, காணியில் உள்ள வித்தியாசம்தான் பெரியது.

2022இல் நாடு வங்குரோத்து ஆனபோது இது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. எல்லோருக்கும்தான் கஷ்டம். கொழும்பில் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசை. கிராமத்து வீட்டில் பலாக்காய் அவித்தாவது சாப்பிட்டார்கள். லயத்தில் கோதுமை மாவு விலை ஏறிய அன்றைக்கே ரொட்டி சின்னதாகிவிட்டது. அதற்கு முந்திய வருஷம் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்ததில் கொழுந்தும் விழுந்திருந்தது. ஆக, வருமானமும் இல்லை, பறித்துத் தின்ன ஒரு மரமும் இல்லை. லயத்துப் பின்பக்கம் கொஞ்சம் கீரை, கோவா போட்டிருந்தவர்கள் சமாளித்தார்கள். அதுவும் தோட்டத்தை நிர்வகிக்கிற துரை கண்டும் காணாமலும் விட்ட இடத்தில்தான்.

உன் பேரனுக்குப் புள்ளிவிவரம் வேண்டுமென்றாயே, அதுவும் தருகிறேன். அரசாங்கத்தின் வீட்டு வருமான, செலவுக் கணக்கெடுப்பில் 2016இல் நாடு முழுக்க வறுமையில் இருந்தவர்கள் நூற்றுக்கு 4.1, தோட்டப்புறத்தில் 8.8. பிறகு வறுமைக் கோட்டைத் திருத்திப் போட்டார்கள். 2019இல் நாட்டுக்கு 14.3, தோட்டத்துக்கு 33.8. நகரத்தில் 6 தான். கோட்டை எங்கே போட்டாலும் நாம் இரண்டு மடங்குக்கு மேலே நிற்கிறோம். 2016இல் எடுத்த சுகாதாரக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் நூற்றுக்கு 17.3, தோட்டத்தில் 31.7. கிராமத்துப் பிள்ளையையும் நம் பிள்ளையையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் இது தெரியும். நான் பார்த்திருக்கிறேன்.

இந்த எண்களில் ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல். இவை தோட்டத்துக்குள் இருப்பவர்களின் கணக்கு. அட்டனில் கடை வைத்தவர், கண்டியில் டாக்டரானவர், கொழும்புக்குப் போய் நின்றுகொண்டவர் எல்லாம் நகரம், கிராமம் என்ற கணக்கில் போய்விடுவார்கள். மேலே வந்தவன் கணக்கிலிருந்து கழன்றுகொள்கிறான், வர முடியாதவன் மட்டும் அங்கேயே எண்ணப்படுகிறான். அதனால் மலையகச் சமூகம் முழுக்க இப்படித்தான் என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். நம் ஆட்களில் சட்டத்தரணி, பேராசிரியர், நிர்வாக சேவை அதிகாரி என்று எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள்.

இங்கே சிலர் ஒரு வியாக்கியானம் சொல்வார்கள், வெளியிலிருந்து வந்தவன் எந்த நாட்டிலும் பின்தங்கித்தான் இருப்பான் என்று. அது சுத்தப் பேத்தல். கொழும்பு புறக்கோட்டையில் போரா வியாபாரிகளும் சிந்தி வியாபாரிகளும் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள்தான். அவர்களை யாரும் பின்தங்கிய சமூகம் என்று சொல்வதில்லை. அவர்கள் கையில் சரக்கோடும் முதலோடும் வந்தார்கள். நம் தாத்தா, ஆள் சேர்த்துக் கூட்டி வந்த கங்காணியிடம் பட்ட கடனோடு வந்தார். மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்து, பாதிப் பேரைப் பாதையில் புதைத்துவிட்டு வந்தவர்கள் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே. 2023இல் அந்த வழியிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள். எனக்கும் போக ஆசை, கால் விடவில்லை.

இன்னொரு காரணம், கடதாசி. 1947 தேர்தலில் நம் ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948இல் வந்த சட்டத்தோடு குடியுரிமை போயிற்று, அடுத்த வருஷமே வாக்குரிமையும் போயிற்று. அந்த ஏழு ஆசனமும் அதோடு சரி. வாக்கில்லாதவன் லயத்துக்கு எந்த மந்திரி பாதை போடுவான்? 1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு எட்டவே இல்லை. எழுபதுகளில் அரசாங்கம் பொறுப்பெடுக்கும்வரைக்கும் ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. நீயும் நானும் படித்த இலட்சணம் அதுதானே. பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை மகா வித்தியாலயத்தில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தான்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. 9,75,000 பேர் நாடற்றவர்கள். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். உன்னைக் கொண்டுபோன ஒப்பாரிக் கோச்சியில், அந்த அழுகை ரயிலில், யாரும் உன்னிடம் சம்மதம் கேட்கவில்லை. இங்கே நின்றவர்களுக்கும் 2003இல் வந்த சட்டத்தோடுதான் நாடற்ற நிலை முழுசாகத் தீர்ந்தது. பாதி நூற்றாண்டுக்கு மேல் அடையாள அட்டை இல்லாமல், அரசாங்க வேலை இல்லாமல், காணி வாங்க முடியாமல் நின்றுவிட்டு மற்றவர்களோடு ஓடு என்றால் எப்படி ஓடுவது?

அப்புறம் இதைக் கேள், உனக்குச் சிரிப்பு வரும். பிரதேச சபைச் சட்டம் 1987இல் வந்தது. அதில் ஒரு பிரிவு, தோட்டத்துக்குள் பாதை, தண்ணீர் போன்றவற்றுக்குச் சபை காசைச் செலவழிக்க விடாமல் கட்டிப் போட்டிருந்தது. காரணம், தோட்டம் கம்பெனியின் பொறுப்பு. நம் ஆட்கள் வாக்குப் போட்டுச் சபைக்கு உறுப்பினர் அனுப்பலாம், அந்த உறுப்பினர் தன் லயத்துப் பாதைக்கு ஒரு வண்டி கல் கொட்ட முடியாது! 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். திருத்தினதோடு சபைக்குக் காசு குதித்துவிடவில்லை என்பது வேறு விஷயம். கிராமத்தில் தபால்காரன் வீட்டு வாசலுக்கு வருகிறான். பல தோட்டங்களில் தபால் இன்னும் ஆபீசுக்கு வந்துதான் லயத்துக்குப் போகிறது. நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் நாள் கடந்து கைக்கு வந்து அழுத பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள்.

மீரியபெத்தை ஞாபகமிருக்கிறதா? கொஸ்லந்தைப் பக்கம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயன்களை மூடிவிட்டது. அந்த இடம் ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். அறிவில்லாமல் அங்கே இருந்தார்கள் என்று பத்திரிகையில் சிலர் எழுதியதைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது. எங்கே போவார்கள்? கிராமத்தவனுக்கு அண்ணன் காணியிலாவது ஒரு குடிசை போட இடமிருக்கும். நம் ஆளின் அண்ணனும் அடுத்த லயத்தில்தானே இருக்கிறான்.

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 2015க்குப் பிறகு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்று ஆரம்பித்தார்கள். இந்தியாவும் வீடு கட்டித் தந்தது, முதலில் 4,000. 2017இல் மோடி நம் மலையகத்து நோர்வூட்டுக்கு வந்தபோது இன்னும் 10,000 என்று அறிவித்தார். என் தங்கை மகனுக்கு அப்படி ஒன்று கிடைத்தது. இரண்டு அறை, குசினி, தனி மலசலகூடம். அந்தப் பிள்ளை முன்வாசலில் ரோஜா வைத்து வேலி போட்டிருக்கிற அழகை நீ பார்க்கணும். உறுதிப் பத்திரம் மட்டும் வருகிறது, வருகிறது என்கிறார்கள். அது வராமல் அந்த வீடு கொஞ்சம் பெரிய லயம், அவ்வளவுதான் என்பது என் எண்ணம். ஏழு பேர்ச் என்பதும் எனக்கு உறுத்துகிறது. ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச். தெனியாய ஆசிரியரிடம் இருந்தது 80. ஏழில் வீடு நிற்கும், பிழைப்பு நிற்காது. கைவிட்டுக் காடாகிப் போன தேயிலை மலை எத்தனையோ கிடக்கிறது. அதைத் துண்டு போட்டுத் தொழிலாளிக்கே கொடுத்து, கொழுந்தைக் கம்பெனி வாங்கிக்கொள்ளட்டுமே என்று நான் கூட்டத்தில் பேசினால், தொழிற்சங்கத் தம்பிமார்கூட மாஸ்டர் கனவு காண்கிறார் என்று சிரிக்கிறார்கள். தெற்கில் மாத்தறையிலும் காலியிலும் நடக்கிறதுதானே, இதில் கனவு எங்கே இருக்கிறது?

இளசுகள் காத்திருக்கவில்லை. பையன்கள் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும், பெண்கள் ஆடைத் தொழிற்சாலையிலும் வளைகுடாவிலும். காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போனால் தலை நரைத்தவர்கள்தான் கூட. கற்பித்த வகையில் எனக்கு ஒரு ஆறுதல், உயர்தர வகுப்பில் விஞ்ஞானம், கணிதம் எடுக்கிற நம் பிள்ளைகள் இப்போது கூடிக்கொண்டு வருகிறார்கள். நுவரெலியா பின்தங்கிய மாவட்டம் என்பதால் பல்கலைக்கழக அனுமதியில் கூடுதல் இடமும் இருக்கிறது. ஆனால் பௌதிகம் படிப்பிக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

உன் பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கணும். ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லித் தாள் வந்தது என்று போன தடவை எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு இரவு தூக்கம் பிடிக்கவில்லை. கடல் தாண்டிப் போயும் வேலையோடு ஒட்டின கூரைதானா உனக்கும்? பட்டா கேட்டு மனுப் போட்டவர்களுக்கு என்ன பதில் வந்தது என்று விவரமாக எழுது. இங்கே எங்கள் ஆட்களுக்கு அது உபயோகப்படும்.

பேரனுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டு. இன்னும் சந்தேகம் இருந்தால் அவனையே எனக்கு எழுதச் சொல். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்களாமே. பாஸ்போர்ட் எடுத்துவிட்டாயென்றால் ஏப்ரலுக்கு முன்னால் கிளம்பு. வசந்தகாலக் கூட்டம் வந்துவிட்டால் நுவரெலியாப் பக்கம் பஸ்ஸில் நிற்கக்கூட இடமிருக்காது.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மச்சான்