பயிற்சியில் விழும் விமானங்கள்: விசாரணை அறிக்கை தமிழிலும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 மே 9ஆம் திகதி மாதுரு ஓயா நீர்த்தேக்கத்துக்குள் இலங்கை விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர் விழுந்தது. பயிற்சி முடித்த விசேட படையணியினர் வெளியேறும் அணிவகுப்பில் கண்காட்சிக்காகப் பறந்த ஹெலி, உள்ளே 12 பேர், அதில் 6 பேர் போய்விட்டார்கள்.

எங்கள் ஊர் வாழைச்சேனை. போர்க்காலத்தில் ஹெலிச் சத்தம் கேட்டாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய சனம் நாங்கள், அதனால் அன்றைக்குச் சந்தியில் ஒருவர் "அது அவங்கட ஹெலிதானே" என்றபோது அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று விளங்கியது. ஆனாலும் மனது ஒப்பவில்லை. செத்த ஆறு பேரையும் பெற்ற தாய்மார் இருக்கிறார்கள்.

நான் மீன்பிடிக் குடும்பத்து ஆள். கவிழ்ந்த தோணிக்கடியில் மாட்டியவனுக்குத் தெரியும், எது மேல் எது கீழ் என்றே புரியாது, மூக்குக்குள் தண்ணீர் ஏறியதும் கை தன்பாட்டில் எதையாவது பிடிக்கப் பார்க்கும். ஹெலி என்றால் இன்னும் மோசம். எஞ்சினும் சுழலியும் மேலே இருப்பதால் தலைப்பாரம், தண்ணீரில் விழுந்தால் பெரும்பாலும் புரண்டுவிடும், உள்ளே இருப்பவர்கள் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குவார்கள். இதற்கென்றே வெளிநாடுகளில் ஹெலி போன்ற ஒரு கூட்டுக்குள் ஆட்களை இருத்தி, தடாகத்தில் இறக்கிக் கவிழ்த்து, பெல்ட்டைக் கழற்றி வெளியே வரப் பழக்குகிறார்கள், கடலில் எண்ணெய் எடுக்கப் போகும் தொழிலாளிக்கும் அந்தப் பயிற்சி உண்டு. மாதுரு ஓயாவில் ஏறியவர்களுக்கு அது கிடைத்திருந்ததா? கரையில் படகும் சுழியோடிகளும் ஆயத்தமாக நின்றார்களா? எனக்கு வேண்டியது இந்த இரண்டுக்கும் பதில்.

இதற்கு இரண்டு மாதம்கூட முன்னால் இல்லை, மார்ச் 21இல் வாரியபொலவில் கே-8 பயிற்சி விமானம் விழுந்தது. விமானிகள் இருவரும் பரசூட்டில் தப்பினார்கள், ஆசனத்தோடு வெளியே வீசும் வசதி அதில் உண்டு. பிடி-6 (PT-6) என்ற பயிற்சி விமானத்தில் அது இல்லை. அந்தப் பிடி-6இல்தான் 2020 டிசம்பரில் திருகோணமலைச் சீனக்குடாவிலிருந்து தனியாகப் பறந்த பயிலுநர் விமானி இறந்தார், 2023 ஓகஸ்டில் அதே இடத்தில் கிளம்பிய சில நிமிடத்திலேயே விழுந்து இருவர் இறந்தார்கள். 1958இல் முதன்முதலில் பறந்த சீன வடிவமைப்பு அது. பழசு என்பதாலேயே விழுந்தது என்று நான் சொல்ல வரவில்லை, பழசோ புதுசோ, ஏன் விழுந்தது என்று ஆட்களுக்குச் சொல்ல வேண்டும்.

பயணிகள் விமானம் விழுந்தால் சர்வதேச விதி இருக்கிறது, யாரையும் குற்றம்சாட்ட அல்ல, அடுத்த விபத்தைத் தடுக்கவே விசாரணை என்று அதில் எழுதியிருக்கிறது. இராணுவ விமானத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது. சரி, ஆனால் இரகசியமானதை எடுத்துவிட்டு மிச்சத்தை வெளியிடலாமே, அமெரிக்க விமானப்படை பெரிய விபத்துகளின் அறிக்கைகளை அப்படித்தான் வெளியிடுகிறது.

எங்கள் மட்டக்களப்பு, அம்பாறை எம்பிமாரிடம் கேட்பது இதுதான்: இரகசியமானது போக, மாதுரு ஓயா விசாரணை அறிக்கையை மூன்று மொழியிலும் வெளியிடச் சொல்லிப் பாராளுமன்றத்தில் கேளுங்கள். அதற்கு முன்னால் அந்த ஆறு குடும்பங்களுக்கும் ஒவ்வொரு பிரதி போகட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வாழைச்சேனை