உறுதியாயிருக்கச் சொல்லும் மேய்ப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான மேய்ப்பர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் வாழ்த்துதல்கள்.

ஒரே பாவத்தில் மீண்டும் மீண்டும் விழுகிற ஒருவர் உங்களிடம் வந்து அழும்போது நீங்கள் சொல்லும் ஆலோசனையைக் குறித்தே இதை எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், அடக்க முடியாத கோபத்தால் என் வீட்டாரைக் காயப்படுத்திக்கொண்டிருந்த நான், அதை ஒரு மூப்பரிடம் அறிக்கையிட்டேன். அவர் அன்போடுதான் கேட்டார். பிறகு, இன்னும் சீக்கிரமாக எழுந்து ஜெபிக்கும்படியும், வாரத்தில் ஒரு நாள் உபவாசிக்கும்படியும், மனதில் உறுதியாயிருக்கும்படியும் சொல்லி அனுப்பினார். அப்படியே செய்தேன். கோபம் தலைகாட்டாத வாரங்களில் என் உபவாசத்தை எண்ணி நிமிர்ந்து நடந்தேன். அது வெடித்த வாரங்களில் ஜெபிக்கவே வெட்கப்பட்டு ஒதுங்கினேன். இரண்டு நிலையிலும் என் கண்கள் என்மேலேயே இருந்தன என்பதை உணர எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

ஜெபத்தையும் உபவாசத்தையும் நான் குறைத்துப் பேசவில்லை. பெலனில்லாதவன் தன் தகப்பனிடம் கேட்பதே ஜெபம்; அதைப் பெலனை நிரூபிக்கும் பயிற்சியாக மாற்றிக் கையில் கொடுத்துவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

பேதுருவை நினைத்துப் பாருங்கள். காவலுக்கும் சாவுக்கும் ஆயத்தமாயிருப்பதாக அவர் சொன்னதில் பொய்யில்லை; தோட்டத்தில் பட்டயத்தை உருவியவர் அவர்தான். ஆனாலும் அந்த உறுதி ஒரு வேலைக்காரப் பெண்ணின் சொல்லுக்கு முன் உடைந்துபோயிற்று; இயேசுவை அறியேன் என்று மறுதலித்தார். லூக்கா 22-ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தால், பேதுரு தம் சபதத்தைச் சொல்வதற்கு முன்பாகவே, அவருடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடி தாம் வேண்டிக்கொண்டதாகக் கர்த்தர் சொல்லிவிடுவதைக் காண்பீர்கள். சேவல் கூவியபின் அவர் மனங்கசந்து அழுததையும், பின்பு எழும்பிச் சகோதரரைத் திடப்படுத்தியதையும் அந்த வேண்டுதலின் கனியாகவே நான் வாசிக்கிறேன். உங்களிடம் வருகிறவர்களில் எத்தனை பேர், கிறிஸ்து தங்களுக்காக இப்போதும் பரிந்து பேசுகிறார் என்பதை உங்கள் வாயால் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள்?

மனிதன் தன் சித்தத்தின் வலிமையாலேயே பாவமின்றி வாழக்கூடும் என்ற பெலாஜியஸ் என்னும் துறவியின் போதனையை கி.பி. 418-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய திருச்சபைச் சங்கம் கண்டித்தது. நாமும் அதைத் தவறென்றே கற்பிக்கிறோம். ஆயினும் நொறுங்கிய ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, நம்மை அறியாமலே அதே போதனை நம் வாயில் வந்துவிடுகிறது.

இப்படிப் பேசினால் விசுவாசிகள் சோம்பலுக்கு இடங்கொடுப்பார்கள் என்று நீங்கள் அஞ்சுவதையும் அறிவேன். ஆனால் கிதியோனோடு மீதியானியருக்கு எதிராகப் போருக்கு வந்த 32,000 பேரை 300 பேராகக் கர்த்தர் குறைத்ததற்கான காரணம் நியாயாதிபதிகள் 7-இல் வெளிப்படையாகவே இருக்கிறது: தன் கையே தன்னை இரட்சித்தது என்று இஸ்ரவேல் வீம்பு பேசக்கூடாது. அந்த முந்நூறு பேரும் கூடாரத்தில் படுத்திருக்கவில்லை. எக்காளத்தோடும் பானைக்குள் தீவட்டியோடும் இரவில் எதிரிகளின் பாளயத்தைச் சூழ்ந்து நின்றார்கள். தங்கள் எண்ணிக்கையை நம்ப வழியில்லாதவர்கள்தான் சொன்ன இடத்தில் அசையாமல் நின்றார்கள்.

உங்களிடம் இரண்டு காரியங்களைக் கேட்கிறேன். ஆசியாவில் தமக்கு நேரிட்ட உபத்திரவத்தில், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதைப் பவுல் கொரிந்து சபைக்கு மறைக்காமல் எழுதினார். தங்கள்மேல் நம்பிக்கை வைக்காமல், மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கை வைக்கவே அது நேரிட்டது என்றும் எழுதினார். அப்படிப்பட்ட ஓர் அறிக்கையைப் பிரசங்க பீடத்திலிருந்து நாங்கள் கேட்க வேண்டும். ஜெயித்து முடித்தவர்களின் சாட்சிகளை மட்டுமே கேட்டுக் கேட்டு, இன்னும் போராடிக்கொண்டிருப்பவர்கள் சபையில் வாய் திறக்க அஞ்சுகிறார்கள்.

மற்றது, அடுத்த முறை ஒருவர் தம் தோல்வியைச் சொல்லி அழும்போது, எந்த ஒழுங்கையும் கற்றுக்கொடுப்பதற்கு முன் அவரோடு முழங்கால்படியிடுங்கள். செய்யவேண்டியது இன்னதென்று தெரியவில்லை, எங்கள் கண்கள் உம்மையே நோக்கியிருக்கின்றன என்று யோசபாத் ராஜா யூதா ஜனங்களின் நடுவே நின்று ஜெபித்த ஜெபத்தை, அவருக்காக மட்டுமல்லாமல் உங்களுக்காகவும் சேர்த்து ஜெபியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மந்தையில் ஒருவன்