வெயில் காலத்தில் கேமல்பேக் மலை ஏறக் கூட்டிப்போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் அரிசோனாவில் ஃபீனிக்ஸ், சாண்ட்லர், டெம்பி, ஸ்காட்ஸ்டேல் வட்டாரத்தில் வார இறுதி ஹைக்கிங் குழுக்களை நடத்தும் நண்பர்களுக்கு வணக்கம்.

மே மாதம் பிறந்தால் போதும், உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஓர் அழைப்பு வந்துவிடுகிறது: "சனிக்கிழமை காலை ஏழு மணி, எக்கோ கேன்யன் பார்க்கிங். தண்ணீர் கொண்டு வரவும். குடும்பத்தோடு வரலாம்." ஆர்வமாகத்தான் எழுதுகிறீர்கள். ஊரை விட்டு வந்தவர்கள் ஒன்றுகூட இதைவிட நல்ல சாக்கு இல்லை. ஆனால் பாலைவனக் கோடையில் இந்த அழைப்பு ஆபத்தானது. அக்டோபர் வரைக்குமாவது இதை மாற்றி எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் மலை. கேமல்பேக் உச்சிக்குப் போகும் எக்கோ கேன்யன் பாதை ஒரு பக்கம் சுமார் ஒன்றேகால் மைல்தான். அந்தத் தூரத்துக்குள் ஏறக்குறைய 1,280 அடி ஏற வேண்டும். உச்சி 2,704 அடி. நகரத்துக்கு நடுவில் நிற்கிற மலை, கீழே வீடுகளும் நீச்சல் குளங்களும் தெரிகின்றன, தூரமும் கொஞ்சம்தான். இந்த மூன்றும் சேர்ந்துதான் ஆளை ஏமாற்றுகின்றன. படிக்கட்டு ஏற்றம் முடிந்ததும் பாறைச் சுவரை ஒட்டிக் கம்பி பிடித்து ஏறும் இடம் வரும். அதைத் தாண்டினால் இன்னும் செங்குத்தாக இரண்டாவது கம்பி. அதற்குமேல் பெரிய பாறைகளுக்கு நடுவே கையையும் காலையும் ஊன்றித்தான் போக வேண்டும். பல இடங்களில் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர் முதல் கம்பியிலேயே திண்டாடுவார். இறங்கும்போது, பொடிந்த கிரானைட் சரளை காலுக்கடியில் உருளும். ஏறித் தளர்ந்த தொடை அங்கேதான் கைவிடும். வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். பிசகியவர் அதன்பின் வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

"வேலூர் வெயிலைப் பார்த்த ஆளுங்க நாம, இதென்ன?" என்று நம்மவர்கள் சொல்வது வழக்கம். இந்தப் பேச்சுதான் எங்களை ரொம்பக் கவலைப்படுத்துகிறது. நம்மூர்ப் புழுக்கத்தில் வியர்வை வழியும், சட்டை ஒட்டும், உடம்பே போதும் என்று சொல்லிவிடும். இங்கே ஜூன் மாதம் காற்றில் ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. வியர்வை தோலில் நிற்காமல் அப்படியே ஆவியாகிவிடுகிறது. "எனக்கு வேர்க்கவே இல்லை" என்று நினைக்கிறவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் இழந்துகொண்டிருப்பார். சட்டைக் காலரிலும் தொப்பி விளிம்பிலும் வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருக்கும், பார்த்தால் தெரியும். வெயில் பழக்கம் என்பதும் பிறந்த ஊரோடு வருவதில்லை. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் உழைத்தால். ஏசி வீடு, ஏசி கார், ஏசி அலுவலகம் என்று சில வாரம் இருந்தாலே அந்தப் பழக்கம் போய்விடும்.

அடுத்து நேரம். ஜூன் கடைசியில் ஃபீனிக்ஸில் சூரியன் ஐந்து இருபதுக்கெல்லாம் எழுந்துவிடுகிறது. கேமல்பேக் பாதை சூரிய உதயத்துக்குத்தான் திறக்கிறது. சராசரி ஆளுக்கு ஏறி இறங்க இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். ஜூலையில் எட்டு மணிக்கே 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது சாதாரணம் (32 செல்சியஸ்). அதுவும் நிழலில் அளந்த கணக்கு, பாறையின் அனல் அதில் சேரவில்லை. ஏழு மணிக்குக் கூடி, பார்க்கிங் கிடைக்காமல் சுற்றி, தெருவில் எங்கோ நிறுத்திவிட்டு நடந்து வந்து, ஏழே முக்காலுக்குக் கிளம்பும் கூட்டம் பத்து, பத்தரைக்கு இறங்கிக்கொண்டிருக்கும். எக்கோ கேன்யன் மலையின் வடமேற்குப் பக்கம் இருப்பதால் அதிகாலையில் கீழ்ப்பகுதி நிழலில் இருக்கும். அந்தக் குளிர்ச்சியை நம்பி ஏறுகிறவர் இறங்கும்போது அது இருக்காது. கிழக்குச் சரிவில் ஏறும் சோயா (Cholla) பாதையில் முதல் வெளிச்சத்திலிருந்தே வெயில்தான்.

மாலையில் போகலாம் என்பதும் சரியான யோசனை இல்லை. வெப்பம் உச்சிக்குப் போவது மதியம் பன்னிரண்டுக்கு அல்ல, மூன்றிலிருந்து ஐந்துக்குள். ஆறு மணிக்கும் 108, 110 இருக்கலாம். பகலெல்லாம் வெயிலை வாங்கிய பாறை இரவிலும் அனலைக் கக்கும். 2023 ஜூலையில் தொடர்ந்து 16 இரவுகள் இங்கே 90 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. அதே கோடையில் 31 நாள் விடாமல் 110 டிகிரியும் அதற்கு மேலும். அந்த ஆண்டு ஃபீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா கவுண்டியில் வெயில் தொடர்பான சாவுகள் மட்டும் 645.

ஆகவே கோடையில் சூரிய உதயத்துக்குக் கிளம்புங்கள், இல்லையென்றால் போகாதீர்கள். திரும்பும் நேரத்தையும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். ஆறே முக்கால் என்று வைத்தால், ஆறே முக்காலுக்கு எந்தப் பாறையில் நிற்கிறோமோ அங்கிருந்து திரும்ப வேண்டும். உச்சி இருபதடி தூரத்தில் தெரிந்தாலும் சரி. இதைக் கீழே இருக்கும்போதே எல்லாரிடமும் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். மேலே போனபின் யாரும் கேட்கமாட்டார்கள்.

நகராட்சி மூடுவதைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. 2021 கோடையில், மலையில் மாட்டியவர்களை மீட்கப் போன தீயணைப்பு வீரர்களே வெயிலால் பாதிக்கப்பட்டார்கள். அதன் பிறகுதான் தேசிய வானிலை மையம் கடும் வெப்ப எச்சரிக்கை விடுக்கும் நாட்களில் கேமல்பேக், பியஸ்டேவா சிகரப் பாதைகளைப் பகலில் மாலை ஐந்து வரை மூடும் வழக்கம் வந்தது. மூடும் நேரமும், எந்தெந்தப் பாதை என்பதும் மாறியிருக்கின்றன, புறப்படும் முன் நகராட்சி அறிவிப்பைப் பாருங்கள். ஆனால் எச்சரிக்கை இல்லாத நாள் பாதுகாப்பான நாள் ஆகிவிடாது. அந்த எச்சரிக்கை, அந்தப் பருவத்துக்கு வழக்கமான வெயிலைவிட எவ்வளவு மிஞ்சுகிறது, இரவில் தணிகிறதா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் வருகிறது. ஜூலை நடுவில் 108 டிகிரி அடித்தும் எச்சரிக்கை இல்லாமல் போகலாம். 108 டிகிரியில் செங்குத்தாக ஏறும் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இதைவிட மோசமான ஒரு பழக்கம் உண்டு. "கேமல்பேக் மூடிட்டாங்க, ஃப்ளாட்அயர்ன் போயிடலாம்." சூப்பர்ஸ்டிஷன் மலையில் சைஃபன் ட்ரா வழியாக ஃப்ளாட்அயர்ன் போய்வர ஏறக்குறைய ஆறு மைல், ஏற்றம் 2,600 அடிக்கு மேல், கடைசிப் பகுதி முழுக்கப் பாறை. பாதையில் குடிதண்ணீர் கிடையாது. கேமல்பேக்கில் ஒருவர் விழுந்தால் நகரத் தீயணைப்பு நிலையங்கள் பக்கத்தில் இருக்கின்றன. ஃப்ளாட்அயர்னில் ஆள் வந்து சேர இன்னும் நேரமாகும். ஒரு மலை மூடியிருக்கிறது என்றால் அன்றைக்கு எந்த மலையும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"தண்ணீர் கொண்டு வரவும்" என்று மட்டும் எழுதினால் ஒவ்வொருவரும் காஸ்ட்கோ அட்டைப்பெட்டியிலிருந்து ஒரே ஒரு அரை லிட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வருவார்கள். அளவைச் சொல்லி எழுதுங்கள். அதிகாலை எக்கோ கேன்யனுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர், முதுகுப் பையில். குழுவுக்கென்று பொதுவாக இன்னும் இரண்டு லிட்டர், அது நடத்துகிறவர் பையில். ஒரு பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி இரவே உறைய வையுங்கள். குடிக்கவும் ஆகும், யாருக்காவது முடியாமல் போனால் கழுத்தில் வைக்கவும் ஆகும். குழாய் வைத்த தண்ணீர்ப் பை வசதிதான், ஆனால் எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியாது. உறிஞ்சி உறிஞ்சி, திடீரென்று காற்று வரும்போதுதான் தீர்ந்தது தெரியும். இறக்கம் ஏற்றத்தைவிட அதிக வெயிலில் நடக்கும். அதனால் பாதி தீரும்வரை காத்திருக்காமல் அதற்கு முன்பே திரும்ப வேண்டும்.

வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. வியர்வையோடு உப்பு போய்விட, மேலும் மேலும் தண்ணீர் சேரும்போது இரத்தத்தில் சோடியம் குறைகிறது. தலைவலி, குமட்டல், பிறகு குழப்பம். பார்க்க வெயில் மயக்கம் போலவே இருக்கும், அதனால் இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையைக் கெடுப்பார்கள். மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்ட வேண்டாம். இரண்டு பாட்டிலில் ஒன்று உப்புக் கரைசலாக இருக்கட்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால் அதில் போட்டிருக்கும் அளவுப்படி கரைக்கவும். இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கையோடு ஊறுகாய், உப்புக்கடலை, முறுக்கு எதுவானாலும் நல்லது. மோரைக் காரில் ஐஸ் பெட்டியில் வைத்து, இறங்கியபின் குடியுங்கள்.

இனி சொல்லப்போவது இந்த மடலிலேயே முக்கியமானது. ஒருவர் பாதியில் தளர்ந்தால், "நீங்க இந்தப் பாறையில உட்காருங்க, நாங்க மேல போயிட்டு வந்து கூட்டிட்டுப் போறோம்" என்கிறோம். அக்கறையோடு சொல்வதுதான், ஆனால் செய்யவே கூடாது. அவர் உட்கார்ந்திருக்கும் பாறை சுடும். அரை மணியில் நிழல் விலகிவிடும். வெயில் தாக்கும்போது முதலில் கெடுவது யோசிக்கும் திறன், தனக்கு என்ன ஆகிறது என்றே அவருக்குத் தெரியாது. தண்ணீர் பக்கத்தில் இருந்தும் குடிக்காமல் இருப்பார், பாதையை விட்டு விலகி நடப்பார். "பரவாயில்லை, நானே மெல்ல இறங்கிக்கிறேன்" என்று சொல்பவரைத் தனியே அனுப்புவதும் இதே தவறு. ஒருவர் தளர்ந்தால் தெம்பான ஒருவர் அவரோடு இறங்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் மேலே எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

இறங்குகிறவர் கையில் கார் சாவியும் இருக்க வேண்டும். சாவி உச்சிக்குப் போய்விட்டால், கீழே வந்து சேர்ந்தவர் தார் கொதிக்கிற பார்க்கிங்கில், பூட்டிய காரின் பக்கத்தில் நிற்பார். ஏசி போட்ட கார்தான் மலையடியில் உங்களிடம் இருக்கும் முதலுதவி அறை.

நடத்துகிறவர் முன்னால் போவதைவிடக் கடைசியில் வருவது நல்லது. எட்டுப் பேருக்கு மேல் என்றால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசி ஆள் வேண்டும்.

தசைப்பிடிப்பு, தலைசுற்றல், குமட்டல், முகம் வெளிறுதல் என்றால் அங்கேயே நடை முடிந்தது. நிழல், உப்புக் கரைசல், சட்டையை நனைத்தல், விசிறல், தெளிந்ததும் துணையோடு இறக்கம். பேச்சு குழறினால், கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், கால் பின்னினால், அது வெப்பத்தாக்கு, உயிருக்கு ஆபத்து. வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு என்று காத்திருக்காதீர்கள். ஏறி உழைத்து வரும் வெப்பத்தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டும் இருக்கலாம். உடனே 911 அவசர எண்ணை அழையுங்கள். பாதையோரத்தில் எண் போட்ட அடையாளப் பலகைகள் இருக்கும், கடைசியாகப் பார்த்த எண்ணைச் சொல்லுங்கள். ஏறும்போதே ஒவ்வொரு எண்ணையும் ஒருவர் கவனித்து வருவது அதற்குத்தான். மீட்பு ஆட்கள் வரும்வரை சும்மா இருக்காதீர்கள், குளிர்விப்பதுதான் சிகிச்சை. குழுவிடம் உள்ள தண்ணீரை உடம்பில் ஊற்றி விடாமல் விசிறுங்கள். உறைந்த பாட்டிலைக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும். கைபேசியை வெயிலில் காட்டி வீடியோ எடுத்துக்கொண்டே வந்தால் அது சூடாகி அணைந்துவிடும். ஒரு கைபேசியாவது பைக்குள், துணி சுற்றி இருக்கட்டும்.

உடை விஷயத்தில் ஒன்று மட்டும். குளிர்மலைக்குப் பருத்தி ஆகாது என்பது சரி, இந்தப் பாலைவனத்துக்கு வெளிர்நிற முழுக்கைப் பருத்திச் சட்டைதான் நல்லது. அதை நனைத்துப் போட்டால் உலர உலரக் குளிரும். ஜூலையிலிருந்து பருவமழைக் காற்று வந்து ஈரப்பதம் ஏறினால் இந்தக் குளிர்ச்சியும் குறையும், கூடவே இடியும் வரும். கம்பி சுடும் என்பதால் மெல்லிய கையுறை, கள்ளி முள்ளை எடுக்க ஒரு சீப்பு.

கடைசியாக, பெற்றோர். பிள்ளைகளைப் பார்க்க அம்மா அப்பா வருவது பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரை. "அப்பா வெள்ளியங்கிரியே ஏறினவர்" என்று அழைத்து வருகிறோம். அவர் இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். இரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் பிரிக்கும் மாத்திரையா, இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மெட்டோப்ரோலால், அட்டினலால் வகையா, சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகையா? இவை நீரை வெளியேற்றும், அல்லது வெயிலுக்கு ஈடுகொடுக்கும் இதயத்தின் திறனைக் குறைக்கும். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மலையைத்தான் மாற்றச் சொல்கிறோம். விடியற்காலையில் பாபகோ பூங்காவின் ஓட்டைப் பாறைக்கு அழைத்துப் போங்கள், பத்து நிமிடத்தில் ஏறிவிடலாம், நகரம் முழுக்கத் தெரியும். நாள் முழுக்க நடக்க ஆசையென்றால் வடக்கே இரண்டரை மணி நேரத்தில் ஃபிளாக்ஸ்டாஃப், 7,000 அடி உயரம், பைன் மர நிழல். அங்கே ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் மின்னல் அடிக்கும், பதினொரு மணிக்குள் காருக்குத் திரும்பிவிடுங்கள். கேமல்பேக்கை நவம்பருக்கு ஒதுக்குங்கள். அப்பாவுக்கு ஆறு மாதம் தங்க அனுமதி கிடைத்திருந்தால், தீபாவளி முடிந்த கையோடு அவரையும் அழைத்துப் போகலாம்.

அன்புடன்,
ஃபீனிக்ஸ் மலைப்பாதைகளில் நடக்கும் தமிழர்கள் சிலர்