துறைமுகத்தில் எரிந்த கப்பல்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

இங்கு யாவரும் நலம். உன் வீட்டிலும் அவ்வாறே இருப்பார்கள் என நம்புகிறேன். கப்பல் பழுதுபார்க்கும் தளமொன்றில் பாதுகாப்புப் பயிற்சிப் பொறுப்பை ஏற்றிருக்கிறாய் என்று உன் கடிதத்தில் படித்ததும் மனம் நிறைந்தது. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு ஃபாரஸ்டல் கப்பலின் கதையைச் சொல்லப்போவதாக எழுதியிருந்தாய். தாராளமாகச் சொல், ஆனால் அதோடு நிறுத்திவிடாதே என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

வியட்நாம் போரின்போது, 1967 ஜூலை 29 அன்று, வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் நடந்தது உனக்குத் தெரியும். அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான ஃபாரஸ்டலின் மேல்தளத்தில், மின்கோளாறால் ஒரு விமானத்திலிருந்து ராக்கெட் தானாகப் பாய்ந்து, எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் தொட்டியைக் கிழித்தது. தீயணைப்புக் குழுவின் தலைவர் ஜெரால்டு ஃபாரியர், கையில் அகப்பட்ட தீயணைப்பானோடு ஓடி, தீக்குள் கிடந்த குண்டின் சூட்டைத் தணிக்கப் பார்த்தார். அது முந்தின நாள்தான் கப்பலுக்கு வந்த பழைய காலத்துக் குண்டு. சூடு தாங்காமல் சுமார் ஒன்றரை நிமிடத்திலேயே வெடித்துவிட்டது. அவரோடு, பயிற்சி பெற்ற தீயணைப்பாளர்களில் பெரும்பாலோரும் அந்த நொடியில் மாண்டனர். மிச்சமிருந்தவர்கள் அஞ்சாமல் குழாயைப் பிடித்தார்கள். ஆனால் சிலர் எரிபொருள் தீயை மூடி அணைக்கும் நுரையைப் பரப்பிக்கொண்டிருக்க, வேறு சிலர் கடல்நீரைப் பாய்ச்சி அதே நுரையை அடித்துக்கொண்டு போகச் செய்தார்கள். சொல்லிக்கொடுக்க யாரும் இருக்கவில்லை. 134 பேர் இறந்தார்கள். கப்பலில் ஏறும் ஒவ்வொருவரும் தீயணைக்கக் கற்றிருக்க வேண்டும் என்பதை அமெரிக்கக் கடற்படை அதன் பிறகுதான் உறுதியாகப் பிடித்துக்கொண்டது. நார்ஃபோக்கிலுள்ள தீயணைப்புப் பள்ளிக்கு ஃபாரியரின் பெயரையே வைத்தது.

அப்படிக் கற்ற கடற்படையில்தான் 2020 ஜூலை 12 அன்று பொனோம் ரிச்சர்ட் என்ற போர்க்கப்பல் எரிந்தது. எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான். போரும் இல்லை, புயலும் இல்லை. சான் டியேகோ கடற்படைத் தளத்தில், கரையில் கட்டப்பட்டு, 25 கோடி டாலர் செலவிலான மராமத்து ஏறத்தாழ முடியும் நிலையில் இருந்த 40,000 டன் கப்பல் அது. ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி தாண்டிய நேரம். வாகனங்களை நிறுத்தும் கீழ்த்தளத்தில் அட்டைப்பெட்டிகளும் கயிறுகளும் எரிபொருளோடு கூடிய வண்டிகளும் அடைந்து கிடந்தன. அவ்வழியே போன மாலுமி ஒருவர் வெண்புகை போன்ற மூட்டத்தைப் பார்த்தார். புகை நாற்றம் அடிக்கவில்லை என்பதால் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு விலையுள்ளவை என்பதை நம்மைப் போல் எஞ்சின் அறையில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தீயின் மீது முதல் தண்ணீர் விழ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கப்பலுக்குள் ஆங்காங்கே தண்ணீர்க் குழாய் மாட்டிவைத்திருக்கும் 216 தீயணைப்பு நிலையங்களில் 187 பயன்பாட்டில் இல்லாமல் ஒதுக்கப்பட்டிருந்ததாக விசாரணை அறிக்கை சொல்கிறது. நுரையைத் திறந்துவிடும் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் என்ன நடக்கும், அது வேலை செய்யும் நிலையில் இருக்கிறதா என்பது கப்பல் ஆட்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. கடைசிவரை அதை யாரும் அழுத்தவில்லை. மராமத்துக்காக இழுத்த கேபிள்களும் குழாய்களும் கதவுகளின் ஊடே கிடந்ததால் கதவுகளை அடைக்க முடியாமல், தீ தளம் தளமாக ஏறியது. பதினொரு மணிக்குச் சற்று முன் உள்ளே பெரிய வெடிப்பு நிகழ்ந்தது. உள்ளிருந்தவர்களை அதற்குச் சில நிமிடங்கள் முன்னர்தான் வெளியே வரச் சொல்லியிருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லாமல் போனது அதனால்தான். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். நான்கு நாள்களுக்கு மேல் எரிந்த கப்பலைச் சீராக்க 250 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று கண்டு, கடைசியில் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள்.

தீ வைத்ததாக இளம் மாலுமி ஒருவர் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2022-இல் ராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. பையன்கள் இந்தப் பகுதியைத்தான் ஆர்வத்தோடு கேட்பார்கள். நீ அங்கே நிற்காதே. தீ எப்படிப் பிடித்தது என்பது ஒன்று, கப்பல் ஏன் போயிற்று என்பது வேறொன்று. அணைக்க முடியாமற்போனதால்தான் கப்பல் போயிற்று என்று விசாரித்தவர்களே எழுதியிருக்கிறார்கள்.

என்னை மிகவும் உறுத்துவது இன்னொன்று. 2012-இல் மெய்ன் மாநிலத்தில் மயாமி நீர்மூழ்கி, மராமத்தில் இருந்தபோது எரிந்தது. அதையும் கைவிட வேண்டியதாயிற்று. அதன்பின் கப்பல் தளங்களுக்கென்று தனியாகத் தீத்தடுப்புக் கையேடே வகுத்தார்கள். எட்டே ஆண்டுகளில், அதில் சொன்னவற்றில் பல பொனோம் ரிச்சர்டில் கடைப்பிடிக்கப்படவில்லை. பயிற்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. தீக்கு முந்தைய பயிற்சிகளில் தொடர்ந்து 14 முறை, உரிய நேரத்துக்குள் தீயிடத்துக்குத் தண்ணீரோ நுரையோ கொண்டுசேர்க்கத் தவறியிருக்கிறார்கள். பதினான்கு முறையும் யாரோ ஒருவர் அந்த நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறார், அடுத்த வேலைக்கும் போயிருக்கிறார். கடலில் ஓடும் கப்பல் முழுக்கக் கேப்டனுடையது. பழுதுபார்க்கும் தளத்துக்கு வந்தபின் பாதி ஒப்பந்தக்காரருடையது, பாதி தளத்துடையது என்று ஆகிவிடுகிறது. நீ நுழையும் இடம் இதுதான் என்பதால் இதை அழுத்தி எழுதுகிறேன்.

ஆகவே உன்னிடம் ஒரு வேண்டுகோள். அதிகாரிகள் எல்லோரும் இருக்கும் வேலைநாளில் பயிற்சி வைக்காதே. ஆள் குறைந்த ஒரு ஞாயிறு காலையில், வெல்டிங் ஆட்கள், பொறியால் தீப்பிடிக்கிறதா என்று பார்த்து அவர்களுக்குத் துணையாக நிற்கும் ஃபயர் வாட்ச்காரர், கேட்டில் நிற்கும் காவலர், ஊர்த் தீயணைப்பு நிலையத்தார் ஆகிய எல்லோரையும் சேர்த்து, கப்பலின் அடித்தளத்தில் தீ என்று வைத்துக்கொண்டு நடத்து. கதவின் ஊடே போகும் கேபிளைக் கழற்றிக் கதவைச் சாத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்று நீயே நின்று பார். ஊர் வண்டியின் குழாய் உங்கள் இணைப்பில் பொருந்துகிறதா என்றும் மாட்டிப் பார்த்துவிடு. முதல் தண்ணீர் விழ ஆன நேரத்தை எனக்கு எழுது. அது மோசமாக இருந்தால் அடுத்த ஞாயிறும் நடத்திவிட்டு மறுபடி எழுது.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய கப்பல் தோழன்