சோதித்தது ஒன்று, வெளியிட்டது வேறொன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூல நிரலை கம்பைல் செய்து பேக்கேஜாகக் கட்டித் தருபவர்கள் கவனிக்கத் தவறும் ஓர் இடத்தைப் பற்றி எழுதுகிறேன். பதிவின் கடைசியில் 'எல்லா டெஸ்ட்டும் பாஸ்' என்று வந்துவிட்டால் நிம்மதியாகிவிடுகிறோம். எந்த பில்டு முறையில் (எந்த கம்பைல் அமைப்பில்) கட்டியதற்கு அந்த பாஸ் கிடைத்தது என்று கேட்பதில்லை.

நிரலைக் கட்ட உதவும் சி-மேக் கருவியில் டீபக் (பிழை தேட), ரிலீஸ் (வெளியிட), ரெல்-வித்-டெப்-இன்ஃபோ, மின்-சைஸ்-ரெல் என நான்கு முறைகள் உண்டு. ஜிசிசி கம்பைலரோடு சேரும்போது ரிலீஸ் முறை நிரலை ஓ3 அளவில் மேம்படுத்தும் (ஓ0 என்றால் மேம்படுத்தலே இல்லை; எண் கூடினால் மேம்படுத்தலும் கூடும்). ரெல்-வித்-டெப்-இன்ஃபோ ஓ2 அளவில் நிறுத்தி, பிழை தேடுவதற்கான தகவலையும் சேர்க்கும். டீபக் தவிர மற்ற மூன்றும் 'என்டீபக்' என்ற மேக்ரோவையும் (கம்பைலுக்கு முன் நிரலில் வைக்கும் ஒரு பெயர்க்குறியையும்) வரையறுத்துவிடுகின்றன. வினை இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சோதனை நிரலில் 'அசர்ட்(கூட்டு(2, 3) == 5)' என்று ஒரு வரி இருப்பதாக வையுங்கள்; அசர்ட் என்பது நிபந்தனை பொய்யானால் நிரலை நிறுத்திவிடும் சோதிப்பு. என்டீபக் இருந்தால், கம்பைலுக்கு முன் நிரலைத் திருத்தும் ப்ரீப்ராசஸர் அந்த வரியை ஒன்றும் செய்யாத வெற்று வரியாக மாற்றிவிடும். 'கூட்டு' 6 என்று தப்பான விடை தருவதாக இருந்தாலும் அதை யாரும் அழைக்கப்போவதில்லை. மெயின், வெற்றி என்று பொருள்படும் 0-வைத் திருப்பித் தரும்; சோதனைகளை ஓட்டும் சிடெஸ்ட் பாஸ் போட்டுவிடும். இப்படி 200 சோதனைகள் எதையுமே பார்க்காமல் தேறிவிடலாம். தோற்கும் சோதனையாவது உண்மையைச் சொல்கிறது; இது பொய் சொல்கிறது. கோப்பைத் திறக்கும் அழைப்பையே அசர்ட்டுக்குள் எழுதியிருந்தால் நிலைமை தலைகீழ்: டீபக்கில் ஒழுங்காக ஓடும், ரிலீஸில் கோப்பே திறக்கப்படாமல் அடுத்த வரியில் விழும்.

இதற்காக மொத்த பேக்கேஜையும் டீபக் முறையில் கட்டிச் சோதிப்பது தீர்வல்ல. அப்போது சோதிப்பது ஒன்று, பயனர் கைக்குப் போவது வேறொன்று. நூலகத்தை வெளியிடும் முறையிலேயே கட்டுங்கள். சோதனை நிரல்களுக்கு மட்டும், அந்தந்த இலக்கின் (சி-மேக் கட்டும் ஒவ்வொரு நிரலின்) கம்பைல் விருப்பங்களில், என்டீபக் வரையறையை நீக்கும் கொடியை (கம்பைலருக்குத் தரும் குறிப்பை) சேர்த்துவிடுங்கள். அது ரிலீஸ் கொடிகளுக்குப் பின்னால் வந்து விழுவதால் செல்லுபடியாகும். ஓர் எச்சரிக்கை: நூலகத்தின் ஹெட்டரில் (பிற நிரல்கள் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்பில்) என்டீபக்கைப் பொறுத்து ஸ்ட்ரக்ட்டின் (தரவுத் தொகுப்பின்) உறுப்புகள் மாறுமானால் இரு பக்கமும் நினைவக அமைப்பு பொருந்தாது. அங்கே இந்த வழி கூடாது; சோதனையிலுள்ள அசர்ட்டுகளையே சாதாரண இஃப் நிபந்தனையாக மாற்றி எழுத வேண்டும்.

டெபியன் லினக்ஸில் பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்பர், சி-மேக்குக்கு பில்டு முறையாக 'நன்' (எதுவுமில்லை) என்ற பெயரைக் கொடுப்பது காரணத்தோடுதான். முறைக்குரிய கொடிகள் வெளியிலிருந்து தரும் கொடிகளுக்குப் பிறகு ஒட்டப்படுகின்றன. நாமாக ரிலீஸ் என்று மாற்றினால், டெபியன் தந்த ஓ2-வை பின்னால் வரும் ஓ3 வென்றுவிடும், கூடவே என்டீபக்கும் நுழைந்துவிடும். 'வேகமாக இருக்கும்' என்ற ஒரே நினைப்பில் இதைச் செய்ய வேண்டாம்.

ரஸ்ட் மொழியில் கதை சற்று வேறு. அதன் கட்டும் கருவியான கார்கோவில், கார்கோ பில்டை ரிலீஸில் ஓட்டிவிட்டு கார்கோ டெஸ்ட்டை வெறுமனே ஓட்டினால், அது எல்லாவற்றையும் டீபக் முறையில் மறுபடி கம்பைல் செய்யும். நேரமும் வட்டு இடமும் போவது ஒரு புறம். எட்டு பிட் எண்ணில் 255-உடன் 1 கூட்டினால் டீபக்கில் நிரல் பேனிக் ஆகி நிற்கும். ரிலீஸில் சத்தமில்லாமல் 0 ஆகும். அந்த பேனிக்கை எதிர்பார்க்கும் சோதனை ரிலீஸில் தோற்கத்தான் செய்யும். அதை முடக்குவதற்கு முன், ரிலீஸ் ப்ரொஃபைலில் ஓவர்ஃப்ளோ (எண் வரம்பு மீறல்) சோதிப்பை இயக்குவது நல்லதா என்று மூல ஆசிரியர்களிடம் கேட்டுவிடுங்கள்.

ஒன்றிரண்டு சோதனைகள் தோற்றதும், சோதனைகளையே ஓட்டாமல் விடும் 'நோசெக்' விருப்பத்தைப் போட்டு எல்லாவற்றையும் மூடிவிடும் பழக்கம் மனதை வருத்துகிறது. காரணங்கள் பெரும்பாலும் தெரிந்தவையே. பில்டு அறைக்குள் இணையம் இருக்காது. ஹோம் அடைவு இல்லாமலோ எழுத முடியாமலோ இருக்கும். இரண்டு சோதனைகள் ஒரே போர்ட்டுக்கு அடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றாக ஓட்டினால் சரியாகும். 32 பிட் எக்ஸ்86-இல் பழைய மிதவைப் பதிவேடுகள் (செயலிக்குள் தசம எண்களை வைக்கும் இடங்கள்) 80 பிட் அகலம் கொண்டவை. மதிப்பு பதிவேட்டிலேயே இருந்ததா, நினைவகத்துக்குப் போய் 64 பிட்டாகச் சுருங்கியதா என்பது மேம்படுத்தலைப் பொறுத்தது. அதனால் இரு சமக்குறி போட்ட ஒப்பீடு ஓ0-வில் தேறி ஓ2-வில் தோற்கலாம். சின்ன வரம்புக்குள் ஒப்பிட்டால் போதும். தோல்வியைத் தவிர்க்கவே முடியாத சோதனையைப் பெயர் சொல்லி விலக்கி, பக்கத்தில் காரணத்தையும் ஒரு வரி எழுதிவையுங்கள்.

இன்னும் இரண்டு ஓட்டைகள். நேரம் மிச்சம் என்று, சோதனைகளைக் கட்டச் சொல்லும் 'பில்டு டெஸ்டிங்' விருப்பத்தை அணைத்திருந்தால், சிடெஸ்ட் 'சோதனை எதுவும் இல்லை' என்று எழுதிவிட்டு வெற்றியாகவே முடியும். சோதனை இல்லாததையும் பிழையாகக் கருதும் 'நோ டெஸ்ட்ஸ்' விருப்பத்துக்கு 'எரர்' என்று மதிப்புக் கொடுங்கள். சோதனை வெளியீட்டை பைப் வழியாக, திரையிலும் கோப்பிலும் எழுதும் 'டீ' கட்டளைக்கு அனுப்பினால் தோல்விக் குறியீடு தொலைந்துபோகும். பாஷ் ஷெல்லில் 'பைப்ஃபெயில்' விருப்பத்தைப் போட வேண்டும்.

வெர்போஸாக (கட்டளைகளை முழுதாகக் காட்டும்படி) ஒரு முறை கட்டி, பதிவில் என்டீபக் எந்தெந்த வரிகளில் வருகிறது, கடைசியாக நிற்பது ஓ2-வா ஓ3-யா, ஓடிய சோதனைகள் எத்தனை என்று தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. கம்பைலரோ மூலப் பதிப்போ மாறும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
பேக்கேஜ் பராமரிக்கும் வாசகர் ஒருவர்