ஆடும் டுரியானும் வெட்டிவேரும்

செல்வம்,

உன் குரல்பதிவைக் கேட்டேன். நாலு நிமிஷத்தில் மூன்று உன் முழங்கால் வலி. சரி, தோட்டத்தைப் பற்றிக் கேட்டாயே.

பினாங்கு பாலிக் பூலாவ் மேட்டில் போன நவம்பர் மழைக்கு மண் சரிந்து இரண்டு டுரியான் வேரோடு போய்விட்டது. மரம் நிற்கிற இடம் எப்படிச் சரியும் என்று எனக்குக் குழப்பம். அப்புறம்தான் உறைத்தது, விழுந்த பழம் கண்ணில் படவேண்டும் என்று களைக்கொல்லி அடித்து அடித்து மரத்தடியை மொட்டையாக்கியது நான்தான். டுரியானின் சல்லிவேரெல்லாம் மேல்மண்ணிலேயே படரும், அந்த மண்ணை மழை அரித்தால் மரம் எதைப் பிடித்து நிற்கும்?

பிலிப்பைன்ஸின் மிண்டானாவோவில் 1970களில் மலை விவசாயிகளுக்காக உருவாக்கிய முறையைத்தான் இப்போது செய்கிறேன், சரிவுக்குக் குறுக்கே வரிவரியாகச் செடிவேலி நட்டு மண்ணைப் பிடிப்பது. மட்டம் பார்க்க ஒரு சட்டம்: இரண்டு கம்பை மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் கட்டை, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல். கயிறு குறுக்குக் கட்டையின் நடுக்கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். அப்படியே நடத்திக்கொண்டே போனால் சரிவுக்குக் குறுக்கே கோடு விழும். நாலைந்து மீட்டருக்கு ஒரு கோடு, அதில் கிளைரிசிடியா செடியும் பெத்தாய் பெலாலாங்கும் (ஊரில் சவுண்டல் என்பார்களே) வேலியாக நெருக்கமாக, நீர் வேகமாக ஓடும் இடத்தில் வெட்டிவேர். அதன் வேர் நேர்கீழே இறங்கி மூன்று மீட்டர்கூடப் போகும். கோடுகளுக்கு நடுவே வாழையும் மரவள்ளியும். கிழங்கு பிடுங்கும்போது மண் இளகுகிறது, அடுத்த தடவை மரவள்ளி வேண்டாம் என்றிருக்கிறேன்.

வேலியை இடுப்பளவில் பாராங் கத்தியால் வெட்டி ஆறு ஆடுகளுக்குப் போடுகிறேன். மேட்டில் அவிழ்த்துவிட மாட்டேன், குளம்பு பட்டே மண் உதிர்ந்துவிடும். பெத்தாய் பெலாலாங்கை மட்டும் அளவாகப் போடணும், அதிகமானால் ஆட்டுக்கு முடி கொட்டும். கொட்டகைப் பலகைக்கு அடியில் விழும் புழுக்கை டுரியானுக்கு.

கோலாலம்பூர் பக்கம் உலு கிளாங்கில் 1993இல் மண் சரிந்து ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடி இடிந்து 48 பேர் போன சம்பவத்தைச் சொல்லி, மரம் நட்டிருந்தால் தப்பியிருக்குமா என்றாயே. இல்லடா. வேர் பிடிப்பது மேலே ஒன்றிரண்டு மீட்டர் மண்ணைத்தான். அங்கே தண்ணீர் போக வழியில்லாமல் மலையே ஊறி, தடுப்புச் சுவர் விட்டுக்கொடுத்தது. நானும் முதலில் வாய்க்காலைத்தான் சரிசெய்தேன்.

ஜூனில் பழம் விழும், வா. முழங்காலோடு மேட்டில் ஏற வேண்டாம், கீழே உட்கார்ந்து ஆட்டுக்கு இலை நறுக்கு.

குமார்